27 இன்ச் ஃபுல் ஹெச்டில எழுத்து ஒடையுதா இல்லையா?

எம்கேபி_வயர்மேன்:
லேப்டாப்புக்கு மானிட்டர் கேட்டு வந்த பையனுக்கு நேத்து ஒருத்தர் சொல்லிக்கீறாரு: "27 இன்ச் ஃபுல் ஹெச்டி எடு, 1440பி எல்லாம் கம்பெனிக்காரன் துட்டு புடுங்கற வேலை." பேரு சொல்ல மாட்டேன், கல்மண்டபத்துக்காரருக்கே தெரியும். கணக்கு பாரு நைனா. ஃபுல் ஹெச்டின்னா 1920க்கு 1080 புள்ளி, 1440பின்னா 2560க்கு 1440. 1920 புள்ளியை 59.8 சென்டிமீட்டர் அகலத்துல பரப்பினா ஒரு புள்ளி 0.311 மில்லிமீட்டர். இன்ச்சுக்கு 82 புள்ளி. பையனோட லேப்டாப் 15.6 இன்ச், அதே ஃபுல் ஹெச்டி, அதுல 141. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா எழுத்து ஒடையும். அவன் எக்செல் பாக்கப் போறான், கிரிக்கெட் இல்ல.

கல்மண்டபம்27:
பேரு சொல்லாமலே விலாசம் குடுக்கறியே, நல்லாக்குது. எழுத்து ஒடையுதுன்னா அது செட்டிங் கோளாறு. எச்டிஎம்ஐ குத்தினதும் சில மானிட்டரு தன்னை டிவின்னு நெனைச்சுக்கினு ஓரத்தை வெட்டிட்டு படத்தை இழுத்து வுடும். மெனுல ஓவர்ஸ்கேனை ஆஃப் பண்ணு. ஷார்ப்னெஸ்ஸை ஏத்தி வுடாத. கிராபிக்ஸ் செட்டிங்ல கலர் ஃபார்மேட்டு ஒய்சிபிசிஆர்னு இருந்தா ஆர்ஜிபிக்கு மாத்து, இல்லாங்காட்டி சிவப்பு எழுத்து, நீல எழுத்து ஓரமெல்லாம் கரைஞ்சாப்பல இருக்கும். அப்பால விண்டோஸ்ல எழுத்தைத் தெளிவாக்கற கிளியர்டைப் செட்டிங். இதுல ஒண்ணுகூட பண்ணாம கால்குலேட்டரத் தட்டிக்கினு வந்துட்டாரு.

எம்கேபி_வயர்மேன்:
அத்தினியும் பண்ணு. பண்ணி முடிச்சாலும் புள்ளி 0.311 தான். ஓவர்ஸ்கேன் ஆஃப் பண்ணா புள்ளி சுருங்கிடுமா?

பெரம்பூர்_லோகோ:
சார், ஒடையுதுன்னா என்ன? புள்ளி தனித்தனியா தெரியறதா, ஓரத்துல கலர் அடிக்கறதா, மொத்தமா மங்கலா இருக்கறதா? மூணுக்கும் காரணம் வேற வேற. அதை மொதல்ல முடிவு பண்ணுங்க.

எம்கேபி_வயர்மேன்:
முடிவு பண்ண இன்னாகீது? நல்ல கண்ணுக்கு 0.311 புள்ளி மறையணும்னா 107 சென்டிமீட்டர் தள்ளிக் குந்தணும். 24 இன்ச் ஃபுல் ஹெச்டின்னா 95. 27 இன்ச் 1440பின்னா 80. நம்ம ஏரியா வீடுங்கள்ல மேசையே ஒன்றரை அடி, அதுல ஸ்டாண்டு அரை அடிய முழுங்கிடும். ரெண்டடி தள்ளி குந்தினாலே முதுகு செவுத்துல இடிக்கும். மூணரை அடிக்கு எங்க போவ, பக்கத்து வீட்டுக்கா?

கல்மண்டபம்27:
ஸ்டாண்டைக் கழட்டிட்டு செவுத்துல மாட்டு. பின்னாடி 100 மில்லிக்கு 100 மில்லி நாலு ஓட்டை, எம்4 திருகு. மலிவு மாடல் சிலதுல ஓட்டையே இருக்காது, வாங்கறதுக்கு முன்ன திருப்பிப் பாத்துக்கணும். அது போவட்டும். உன் கணக்குல 1440பிக்கே 80 வேணும், ரெண்டடின்னா 60 தான். அப்போ 1440பியும் ஒடையுதே? பதில் சொல்லு.

எம்கேபி_வயர்மேன்:
ஃபுல் ஹெச்டியோட 0.311 எங்க, 1440பியோட 0.233 எங்க.

கல்மண்டபம்27:
நான் கேட்டது 80.

தேரடி_டெக்:
ரெண்டு பேரும் ரெசல்யூஷன்லயே நிக்கறீங்க, லேப்டாப்ல இன்னா போர்ட்டுன்னு யாராவது கேட்டீங்களா? டைப்-சி ஓட்டை இருந்தா படம் வந்துரும்னு அர்த்தம் இல்ல. பக்கத்துல டிஸ்ப்ளேபோர்ட் குறியோ மின்னல் குறியோ இருக்கான்னு பாருங்க. இல்லன்னா ஸ்பெக்ல டிபி (டிஸ்ப்ளேபோர்ட்) ஆல்ட் மோடுன்னு எழுதியிருக்கணும், டைப்-சி வழியா படம் அனுப்பறது அதான். போனோட வர்ற சார்ஜ் கேபிள் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0, அதுல படம் போவாது. எச்டிஎம்ஐ 1.4ன்னா 1440பி 60 ஹெர்ட்ஸ் ஓடும், 4கே 30ல நின்னுடும், மவுஸ் அம்பு விட்டு விட்டு நகரும். ரொம்பப் பழைய இன்டெல் கிராபிக்ஸ் சிலதுல எச்டிஎம்ஐ 1920க்கு 1200 தாண்டாது.

எம்கேபி_வயர்மேன்:
பாத்தியா, 1.4லயே 1440பி ஓடுது. ஃபுல் ஹெச்டிக்கு இருந்த ஒரே சாக்கும் போச்சு.

தேரடி_டெக்:
கடைசி வரியப் படிக்கவே இல்லியா தலைவா?

கொளத்தூர்_கோடர்:
சண்டையே வேணாம். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல, ஆபீஸ்ல கழிச்சு விட்ட பழைய 24 இன்ச் 1920க்கு 1200 தேடுங்க, டெல் யூ2412எம் மாதிரி. இன்ச்சுக்கு 94 புள்ளி, ஃபுல் ஹெச்டிய விட உயரத்துல 120 வரி கூடுதல், புரோகிராம் கோடு பாக்க அருமை. கடையிலயே வெள்ளை, கறுப்பு, சாம்பல்னு முழு ஸ்கிரீனுக்குப் போட்டுக் காட்டச் சொல்லணும். வெள்ளையில செத்த புள்ளி தெரியும், கறுப்புல ஓர வெளிச்சம், சாம்பல்ல திட்டுத் திட்டா கறை.

கல்மண்டபம்27:
அந்த மாடல்ல எச்டிஎம்ஐயே கெடையாது. டுபாக்கூர் யோசனை.

கொளத்தூர்_கோடர்:
டிவிஐ இருக்கே. எச்டிஎம்ஐல இருந்து டிவிஐக்கு சாதா கன்வர்ட்டர் போதும். மாட்டிக்கறது டிஸ்ப்ளேபோர்ட்லதான். லேப்டாப் பக்கம் எச்டிஎம்ஐ, மானிட்டர் பக்கம் டிபின்னா யூஎஸ்பில கரன்ட் எடுக்கற ஆக்டிவ் கன்வர்ட்டர் வேணும். டிபி-டு-எச்டிஎம்ஐ கேபிளையே திருப்பிக் குத்தச் சொல்வாங்க, "நோ சிக்னல்"தான் வரும்.

கல்மண்டபம்27:
கொளத்தூர்காரருக்கு வடசென்னை பஞ்சாயத்துல இன்னாபா வேலை?

கொளத்தூர்_கோடர்:
ஓட்டு நாங்க வடசென்னை எம்பிக்குத்தான் போடறோம். உங்க கல்மண்டபம், ராயபுரம் இருக்கற அதே தொகுதி. தெரிஞ்சிக்கினு பேசுங்க.

பெரம்பூர்_லோகோ:
எம்பி தொகுதிய வெச்சு ஊர் எல்லை போடுவீங்களா? பாலம் தாண்டி இந்தப் பக்கம் வந்தா பெரம்பூர். அதுக்கு அப்பால இருக்கறதெல்லாம் நேத்து வந்த லேஅவுட்.

கொளத்தூர்_கோடர்:
பெரம்பூர்காரங்க ரயில்வே லோகோ ஒர்க்ஸ் பேரைச் சொல்லியே நூறு வருஷம் ஓட்டுவாங்க.

எம்கேபி_வயர்மேன்:
கொளத்தூர் எங்க இருந்தா இன்னா, 0.311 எங்க போனாலும் 0.311. இன்னொண்ணும் கேளு. 27ல 1440பிக்கு, எழுத்தைப் பெருசாக்கற ஸ்கேலிங்கை 125 சதவீதம் வெச்சாலும் 2048க்கு 1152 அளவு எடம் மிஞ்சும். ஃபுல் ஹெச்டில 100லயே வெச்சாலும் ரெண்டு ஜன்னலைப் பக்கம் பக்கமா போட்டா ஒண்ணுக்கு 960 தான், எக்செல்ல அகலமான ஷீட்டுன்னா பக்கவாட்டுல ஸ்க்ரோல் பண்ணிக்கினே இருக்கணும். இது எழுத்துக்கு மேல தனிக் கணக்கு. விஏன்ற திரை வகையப் பத்தின விவாதத்துலயும் கல்மண்டபத்துக்காரரு இப்டித்தான் பீலா வுட்டாரு: "3000க்கு 1 கான்ட்ராஸ்ட், அதான் பெஸ்ட்டு"ன்னு. கறுப்புப் பின்னணில புரோகிராம் கோடை ஸ்க்ரோல் பண்ணா எழுத்துக்குப் பின்னாடி வாலு இழுக்குமேன்னு கேட்டதுக்கு இன்னி வரைக்கும் பதில் இல்ல.

கல்மண்டபம்27:
விஏக்கு அப்பால வரேன். புள்ளி நிறம் மாறற வேகத்தைக் கூட்டற ஓவர்டிரைவை ஒரு படி ஏத்தினா வாலு கொறையும், ரொம்ப ஏத்தினா எதிர்ப்பக்கம் வெள்ளையா ஓரம் கட்டும், அதையும் அப்பவே எழுதியாச்சு, படிக்கறதுக்குத்தான் உனக்கு நேரம் இல்ல. இப்ப 80க்கு பதில் சொல்லு.

பெரம்பூர்_லோகோ:
நான் கேட்டதுக்கும் பதில் வரல. ஒடையுதுன்னா என்ன?

எம்கேபி_வயர்மேன்:
ஸ்கேலை எடுத்து ஸ்கிரீன் மேல வெச்சுப் பாருங்க சார். 0.311.