கணினியில் லட்சம், கோடி காற்புள்ளி: உங்கள் அனுபவம் என்ன?

காரைக்குடிக்காரன்:
எங்கள் ஊர்க் கோயில் திருப்பணி வரவு செலவைக் கணினியில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. மலேசியாவில் இருக்கும் எங்கள் கோயில் புள்ளி (கோயில் கணக்கில் சேர்ந்த குடும்பத்தவர்) ஒருவர் தன் லேப்டாப்பையே கோயிலுக்குக் கொடுத்திருந்தார். நல்ல மிஷின்தான். ஆனால் எக்செலில் பன்னிரண்டரை லட்சம் 1,250,000 என்று நிற்கும். காரியக் கமிட்டித் தலைவர் பேரேட்டில் கையால் எழுதியே பழகியவர். அச்சுத் தாளைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது எந்த ஊர்க் கணக்கு?” என்றார். பென்சிலால் வலப்பக்கத்திலிருந்து சுழிகளை எண்ணி, காற்புள்ளியை 12,50,000 என்று இடம் மாற்றிப் போட்ட பிறகுதான் வாசித்தார்.

அதற்கு முன் யாரோ ஒரு பையன், இணையத்தில் கிடைத்த நீளமான கஸ்டம் ஃபார்மேட்டைக் கட்டங்களில் ஒட்டியிருந்தான். கோடிக்கு மேல் ஒரு விதி, லட்சத்துக்கு மேல் ஒரு விதி, மிச்சத்துக்கு ஒரு விதி. வரவு வரைக்கும் சரி. கழித்தல் தொகை வந்தால் அது மூன்றாவது விதியில் விழுந்து -1,250,000 என்று பழையபடி ஆகிவிடும். திருப்பணிக் கணக்கில் பற்றாக்குறை விழாமல் இருக்குமா?

கட்டம் கட்டமாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை, விண்டோஸிலேயே மாற்றிவிடலாம். கன்ட்ரோல் பேனலில் ரீஜியன், அதில் அடிஷனல் செட்டிங்ஸ். நம்பர்ஸ் பக்கத்தில் டிஜிட் குரூப்பிங் என்பதை 12,34,56,789 ஆக்குங்கள். பக்கத்திலேயே கரன்சி என்று தனிப் பக்கம் இருக்கிறது, அங்கேயும் மாற்ற வேண்டும். பலரும் விடுவது இதைத்தான். எக்செலை மூடித் திறந்தால் வழக்கமான கமா ஃபார்மேட்டில் இருக்கிற தொகையெல்லாம் நம் வழிக்கு வந்துவிடும். பையன் ஒட்டிய ஃபார்மேட்டை மட்டும் எடுத்துவிட்டேன்.

ஆத்தங்குடிப் பட்டறை:
தரைக்கல் (டைல்ஸ்) போடுகிற எங்களுக்கு லட்சக் காற்புள்ளி பெரிய தொல்லை இல்லை. ஜெர்மனியிலிருந்து ஆர்டர் வரும்போதுதான் கூத்து. அங்கே ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. 1.250 சதுர மீட்டர் என்று அவர்கள் அனுப்பியது ஆயிரத்து இருநூற்றைம்பது. நம் எக்செல் அதை ஒன்றேகால் என்று எடுத்துக்கொண்டது. “ஒன்றேகால் மீட்டர் கல்லுக்குக் கப்பலா?” என்று எங்கள் கணக்குப்பிள்ளை கேட்டதால் தப்பித்தோம். அவர்களுடைய சிஎஸ்வி கோப்பில் (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் கோப்பு) பத்திகளைப் பிரிக்கும் குறியும் அரைப்புள்ளிதான் (காற்புள்ளி ஏற்கெனவே தசமத்துக்குப் போய்விட்டதே), அதனால் டபுள் கிளிக் செய்தால் பத்திகள் சரியாகப் பிரியாது.

இதற்காக ரீஜியனில் கை வைக்காதீர்கள், உங்கள் மற்ற கோப்புகளும் ஜெர்மன் பேச ஆரம்பித்துவிடும். டெக்ஸ்ட் இம்போர்ட் விசார்டில் திறந்து, கடைசிப் படியில் அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தினால் தசமக் குறி எது, ஆயிரக் குறி எது என்று அந்த ஒரு கோப்புக்கு மட்டும் சொல்லலாம்.

தேவகோட்டை:
லிப்ரே ஆபீஸில் (எக்செல் போன்ற இலவச நிரல் அதில் உண்டு) #,##,##0 என்று ஃபார்மேட் கொடுத்தாலே லட்சம் கோடி வந்துவிடும். எக்செலில் இதே வரி வேலைக்காகாது. நான் மாறி வெகுநாளாயிற்று.

பள்ளத்தூர்:
காரைக்குடி அண்ணன் சொன்ன நம்பர்ஸ் பக்கத்தின் கீழே ஸ்டாண்டர்ட் டிஜிட்ஸ் என்று ஒன்று உண்டு, தமிழ் எண்களையும் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் வீட்டுப் பழைய ஏடுகளில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்றுதான் இருக்கும். அந்த ஆசையில் முயன்றேன். கணினி ௧௦, ௧௦௦ என்று சுழி போட்டுத்தான் காட்டுகிறது. அந்தத் தமிழ்ச் சுழி யூனிகோடுக்குள் (கணினி எழுத்துகளின் பொதுப் பட்டியல்) வந்ததே 2005இல்தான். எல்லா நிரலும் இந்த அமைப்பை மதிப்பதுமில்லை. ஐயாவிடம் காட்டினேன், “பத்து எங்கேப்பா?” என்றார்.

தேவகோட்டை:
காரைக்குடி அண்ணே, ஒரு சந்தேகம். மாற்றிய கணக்கை மலேசியாவுக்கு அனுப்பினால் அங்கேயும் 12,50,000 என்றே தெரியுமா?

காரைக்குடிக்காரன்:
தெரியாது. கோப்புக்குள் இருப்பது வெறும் எண். எப்படிப் பிரித்துக் காட்டுவது என்பதை அங்கிருக்கும் கணினி தன் அமைப்பைப் பார்த்து முடிவுசெய்யும். நான் பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறேன். எக்செலே வேண்டும் என்பவர்களுக்கு மேல் வரியில் “தொகை லட்சத்தில்” என்று தலைப்புப் போட்டு 12.50 என்று கொடுத்துவிடுவது.