வார்த்த ரப்பர் மீன்: ஒரே டப்பா, ஒன்று கொழகொழ, ஒன்று விறைப்பு. ஏன்?

கழிமுகவாசி (பழவேற்காடு):

அனைவருக்கும் வணக்கம். கொடுவா மீன் பிடிக்க நான்கு அங்குல ரப்பர் மீனைத் தூண்டில் இரையாகப் போடுகிறேன். கொடுவா வந்து அடிப்பதற்குள் பேத்தை மீன் வந்து வாலை நறுக்கிக்கொண்டு போய்விடுகிறது. பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிப் பேத்தைக்குப் படையல் வைக்க எனக்கு வசதி இல்லை. அதனால் நானே வார்க்க ஆரம்பித்தேன்.

சூடாக்கினால் ரப்பர் போல ஆகும் பிளாஸ்டிசால் குழம்பு ஒரு லிட்டர் வாங்கினேன். கடை மீன் ஒன்றை வைத்து பாரிஸ் சாந்தில் அச்சு எடுத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மேலே பூசிக் காயவைத்தேன். கண்ணாடிக் குவளையில் ஊற்றி மைக்ரோவேவில் சூடாக்குகிறேன். டப்பாவைத் திறந்த புதிதில் வார்த்தவை எண்ணெய் கசிந்து கொழகொழவென்று இருக்கின்றன. வால் அருமையாக ஆடுகிறது, ஆனால் ஜிக் ஹெட்டில் (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்) நிற்காமல் வழுக்கி இறங்குகிறது. இப்போது அடியில் இருப்பதை வார்த்தால் செருப்பு ரப்பர் போல விறைப்பு. மெதுவாக இழுத்தால் வால் அசைவதே இல்லை. வயிற்றுப் பக்கம் குமிழிகள் வேறு.

அச்சில் கோளாறா, சூட்டில் கோளாறா, சரக்கிலேயே கோளாறா? சமையலறையை விட்டு வெளியேறும்படி வீட்டில் உத்தரவு வந்துவிட்டது, அது தனிக் கதை.

விரால்பிரியன்:

சரக்குக் கட்டியாகிவிட்டது நண்பரே. சாஃப்ட்னர் (இளக்கும் எண்ணெய்) கொஞ்சம் ஊற்றிக் கலக்குங்கள், வால் தானாக ஆடும். நான் ரப்பர் தவளைக்கு அப்படித்தான் செய்கிறேன்.

பனியன்பட்டறை (திருப்பூர்):

சாஃப்ட்னரைத் தொடாதீர்கள் தம்பி. பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மேலே இருந்தது கொழகொழ, அடியில் இருந்தது விறைப்பு என்கிறீர்களே, டப்பாவைக் குலுக்கினீர்களா?

நான் பனியனில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறவன். எங்கள் மையும் பிளாஸ்டிசால்தான். பி.வி.சி. மாவு, அதை இளக்கும் எண்ணெய், இரண்டும் கலந்த குழம்பு. உங்கள் சரக்கு எங்கள் மையைவிட மிகவும் தண்ணி. பால் மாதிரி ஓடும். ஓடுகிற குழம்பில் மாவு சும்மா மிதந்துகொண்டிருக்காது, அடியில் போய்ப் படியும். சில நாள் அசையாமல் இருந்த டப்பாவுக்குள் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள், அடியில் தட்டுப்படும். நீங்கள் முதலில் ஊற்றியது எண்ணெய் மிகுந்த பாதி, இப்போது ஊற்றுவது மாவு மிகுந்த பாதி. அச்சு பாவம், அதை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஊற்றுவதற்கு முன் தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டிக் கிளறிவிட்டு, பிறகு மூடிக் குலுக்க வேண்டும். வெறுமனே குலுக்கினால் இறுகிய அடி எழும்பாது.

அடுத்தது வேக்காடு. பிளாஸ்டிசால் காய்ந்து இறுகுவதில்லை, வெந்துதான் ஒன்றாகிறது. முதலில் பால். சூடு ஏற ஏறத் திடீரென்று கெட்டியாகித் திரிதிரியாக நிற்கும். பலர் இந்த இடத்தில் பயந்து, கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுகிறார்கள். அதையும் தாண்டிச் சுமார் 175 டிகிரி செல்சியஸை எட்டும்போது திரி கரைந்து, கண்ணாடி போலத் தெளிந்து, கம்பியாக ஒழுகும். அதுதான் பதம். மைக்ரோவேவில் ஒரே மூச்சில் வைக்காமல் விட்டுவிட்டு வைத்து, நடுவில் எடுத்து மெதுவாகக் கிளறுங்கள். வேகமாகக் கிளறினால் காற்று உள்ளே போகும். தூரத்திலிருந்து சூடு பார்க்கும் துப்பாக்கித் தெர்மாமீட்டர் மேற்பரப்பை மட்டுமே காட்டும். கிளறிவிட்டுப் பார்த்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

வெந்ததா என்று சோதிக்க எங்கள் பட்டறை வழக்கம் இங்கேயும் செல்லும். அச்சிட்ட பனியனை இரண்டு கையாலும் இழுப்போம். மை விரிசல் விட்டால் வேகவில்லை என்று பொருள். ஆறிய மீனின் வாலைப் பிடித்து இழுங்கள். நன்றாக நீண்டு திரும்பினால் வெந்தது. மங்கலாக இருந்து பொடுக்கென்று அறுந்தால் சூடு போதவில்லை.

குமிழி அச்சின் ஈரம். பாரிஸ் சாந்து வெளியே காய்ந்தாலும் உள்ளே தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். 100 டிகிரியில் ஆவியாகும் தண்ணீர்மேல் 175 டிகிரிக் குழம்பை ஊற்றினால் ஆவி எங்கே போகும்? அச்சு நன்றாக உலர்ந்த பிறகுதான் ஃபெவிகால் பூச வேண்டும். ஈரத்தின்மேல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

ஊற்றும்போது வாலில் தொடங்குங்கள். வால் தட்டுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய காம்பு இருக்கிறதே, தலையிலிருந்து ஊற்றினால் குழம்பு அங்கே வந்து சேர்வதற்குள் ஆறிப்போய் ஒரு கோடு விழும். பேத்தை தேவையில்லை, வீசும்போதே அந்தக் கோட்டில் பிய்ந்துவிடும்.

பழையதூண்டில்:

சமையலறை உத்தரவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அமெரிக்காவில் அக்ரன் நகரத்து நிக் கிரீம் 1949-இல் பிளாஸ்டிக் புழுவை உருவாக்கியதே வீட்டுச் சமையலறை அடுப்பில்தான். அவருடைய மனைவியும் கூட நின்று உதவினார். இதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்!

பனியன்பட்டறை:

ஐயா, தயவுசெய்து சொல்ல வைக்காதீர்கள். 1949-இல் எத்தனையோ செய்தார்கள். இது பி.வி.சி.; சூடு 200-ஐத் தாண்டினால் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், கூடவே ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரத்தில் பட்டால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணும் மூக்கும் தொண்டையும் ஈரமான இடங்கள்தாம். துணி முகக்கவசம் இதற்கு ஒன்றும் செய்யாது, அமில வாயுவுக்கான வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யுங்கள். மைக்ரோவேவ், குவளை, கரண்டி எதுவும் மறுபடி சோற்றுப் பக்கம் போகக் கூடாது. அந்த விஷயத்தில் உங்கள் வீட்டு உத்தரவு நூற்றுக்கு நூறு சரி.

தோலில் ஒரு சொட்டு விழுந்தால் சுடுதண்ணீரைப் போல வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டே வேகவைக்கும். தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணைக் காக்கும் கண்ணாடி மூன்றும் வேண்டும். பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம் வேண்டாம். குவளைக்குள் ஒரு துளி தெறித்தால் குழம்பு முகத்துக்கு வரும்.

கழிமுகவாசி:

அண்ணா, குச்சி விட்டுப் பார்த்தேன். அடியில் கெட்டித் தயிர் மாதிரி ஒரு படிவு! இனிமேல் கிளறாமல் ஊற்றுவதில்லை. இரண்டு சந்தேகம். ஏற்கெனவே வார்த்தவற்றைக் குப்பையில்தான் போட வேண்டுமா? எடை கூட்ட உப்பு சேர்க்கலாம் என்கிறார்களே, அது சரியா?

பனியன்பட்டறை:

எதற்குக் குப்பை? கொழகொழ பாதி, விறைப்பு பாதி எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கி ஒன்றாக உருக்குங்கள். எண்ணெயும் மாவும் மறுபடி சேர்ந்து நடுத்தரமாக வரும். நறுக்குவதற்கு முன் ஈரமும் உப்புநீரும் போகத் துடைத்துக் காயவையுங்கள். பேத்தை கடித்த முண்டங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்; கழிமுகத்தில் வீசிவிட்டு வராதீர்கள், மீன் விழுங்கினால் செரிக்காது. ஒவ்வொரு உருக்கலுக்கும் நிறம் கொஞ்சம் கருக்கும், அதனால் வெள்ளையை எதிர்பார்க்காமல் பழுப்போ கரும்பச்சையோ ஆக்கிவிடுங்கள். கலங்கல் தண்ணீரில் கொடுவா நிறம் பார்த்துக்கொண்டு நிற்காது.

உப்பு எடையைக் கூட்டும், ஆனால் பிடிமானத்தைக் குறைக்கும். பேத்தை உள்ள இடத்தில் எனக்கு அதில் விருப்பமில்லை. போட்டே தீர வேண்டுமென்றால் நைசாகப் பொடித்து, வறுத்து ஈரம் போக்கி, உடலுக்கு மட்டும். வாலுக்கு உப்பில்லாத குழம்பு.

கடைசியாக, வார்த்ததைக் கண்ணாடி போலிருக்கும் கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துவைக்காதீர்கள். இளக்கும் எண்ணெய் டப்பாவையும் இளக்கி, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சாதாரண பாலித்தீன் பை போதும்.

விரால்பிரியன்:

என் டப்பாவின் மூடி ஏன் ஒட்டிக்கொண்டது என்று இப்போதுதான் தெரிகிறது. சாஃப்ட்னர் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.