டர்பனிலிருந்து சென்னை: அம்மாவுக்கு இலவசமாக பிசினஸ் கிளாஸ் கிடைக்க வழி உண்டா?

சாட்ஸ்வர்த் மகள்:
வணக்கம். தைப்பூசத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பழனி போகிறேன். பல வருஷமாகத் தள்ளிப்போன நேர்த்திக்கடன். அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. டர்பன் கிங் ஷாக்கா விமான நிலையத்தில் ஏறினால் துபாய்க்கே எட்டு மணி நேரத்துக்கு மேல், அங்கே மாறிச் சென்னைக்கு இன்னும் நாலு மணி நேரம். டிக்கெட் எகானமிதான், அதற்கே ஒரு வருஷம் பணம் சேர்த்தேன். நன்றாக உடுத்திக்கொண்டு போய்க் கவுண்டரில் பணிவாகக் கேட்டால் மேலே போட்டுவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பீனிக்ஸ் தம்பி:
எனக்கு ஒரே ஒரு தடவை கிடைத்தது அக்கா. ஜோபர்கிலிருந்து (ஜோகன்னஸ்பர்க்) மும்பைக்குத் தனியாகப் போனேன். ஏறும் வாசலில் போர்டிங் பாஸை வைத்ததும் மெஷின் சிவப்பு காட்டியது, ஏதோ தகராறு என்று பயந்துவிட்டேன், பார்த்தால் பிசினஸ் கிளாஸ் பாஸ் ஒன்றை அச்சடித்துக் கொடுத்தார்கள். நான் கேட்கவே இல்லை, அடிக்கடி பறக்கிறவர்களுக்கு அந்த விமான நிறுவனம் தரும் சில்வர் கார்டு மட்டும் கையில் இருந்தது. அது புரட்டாசி, சைவச் சாப்பாடு சொல்லியிருந்தேன், அது எகானமியிலேயே மாட்டிக்கொண்டது, பணிப்பெண் பின்னால் போய்த் தேடி எடுத்து வந்தார். தனிச் சாப்பாடு சொன்னவர்களை மாற்ற யோசிப்பார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன், வேண்டுமானால் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

கவுண்டர் அக்கா:
வேண்டாம் தம்பி, நேர்த்திக்கடனுக்குப் போகிற அம்மாவின் சாப்பாட்டில் கை வைக்கச் சொல்லாதீர்கள். நான் ஜோபர்கில் செக்-இன் கவுண்டரில் பதினோரு வருஷம் நின்றவள். சிலர் வராமல் போவார்கள் என்று கணக்குப் போட்டு, இருக்கிற இடத்தைவிட அதிகமாக டிக்கெட் விற்கிறார்கள். எல்லோரும் வந்து நின்றுவிட்டால் எகானமியில் இடம் போதாது, மேலே காலி இருந்தால் சிலரை அங்கே ஏற்ற வேண்டும். யாரை என்பதை கம்ப்யூட்டர் பட்டியல்தான் காட்டும்: முதலில் கோல்டு, சில்வர் கார்டுக்காரர்கள், அப்புறம் அதிக விலை டிக்கெட் வாங்கியவர்கள். ஒரே பதிவில் இரண்டு பேர் என்றால் இரண்டு இடம் வேண்டும், அதனால் தனியாள் முந்திவிடுவார். உடுப்பைப் பார்த்து யாரையும் நான் மேலே போட்டதில்லை. அதற்காக அம்மாவுக்குத் தனிப் பதிவு போட்டுவிடாதீர்கள், ஒரு விமானம் தாமதமானால் உங்களை ஒன்றில், அவரை இன்னொன்றில் மாற்றிவிடுவார்கள்.

நம்பி இருக்கக்கூடியது வீல்சேர். அதற்குக் காசு இல்லை, விமானம் ஏறும் வாசல் வரை கொண்டுபோய் விடுவார்கள், துபாயில் அந்த நடை பெரிய நடை. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அவசர வழிப் பக்கத்து சீட்டைக் கேட்காதீர்கள், உதவி தேவைப்படுகிறவர்களுக்கு அதைத் தர மாட்டார்கள். நடைபாதை ஓர சீட்டு போதும். தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையில் கால் நீட்டலாம், ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டுவது அங்கேதான், தூக்கம் போய்விடும்.

மாரிட்ஸ்பர்க் அண்ணன்:
பயணத்துக்குச் சில நாள் முன்பு, மேல் வகுப்புக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டுச் சில நிறுவனங்கள் மின்னஞ்சல் அனுப்பும். தொகை ஆளுக்குத் தனி, ஒவ்வொரு விமானத்துக்கும் தனி. அப்படி வந்தால் துபாய் வரைக்கும் அம்மாவுக்கு மட்டும் முடியுமா என்று கேட்டுப் பாருங்கள் தங்கச்சி, இரவுப் பயணம் அதுதான். முன்பு பறந்ததற்குக் கிடைத்த மைல் புள்ளிகளைச் சேர்த்திருந்தாலும் முதலில் டிக்கெட் வகையைப் பாருங்கள், மிக மலிவான வகையில் பல இடங்களில் மாற்ற விட மாட்டார்கள். இடம் போதாமல், அடுத்த விமானத்தில் போக யார் தயார் என்று வாசலில் கேட்டால், தனியாக இருந்தால் நானே கை தூக்கி, பதிலுக்கு மேல் வகுப்பு கேட்பேன். அம்மாவை வைத்துக்கொண்டு நீங்கள் தூக்காதீர்கள். அதிகமாக விற்றுவிட்டு இடமே இல்லை என்றால், நம் தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொல்கிறது.

சாட்ஸ்வர்த் மகள்:
அண்ணே, அம்மாவுக்கு மட்டும் கேட்டால் அவர் போக மாட்டார், நீயும் வா என்று அழுவார். வீல்சேருக்கு நாளைக்கே போன் போடுகிறேன். அக்கா, இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டுமா?

கவுண்டர் அக்கா:
இரண்டு விமானமும் ஒரே டிக்கெட் என்றால் ஒரு தடவை சொன்னால் போதும். ஆனால் சென்னை வரைக்கும் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.