வெஸ்லி இரட்சிக்கப்பட்டது மே 24 தானா?

பாளையங்கோட்டைக்காரன்:
ஒரு பாஸ்டரின் குரல்பதிவு எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய இங்கிலாந்து ஆயர் ஜான் வெஸ்லி, 1738 மே 24 ராத்திரி எட்டே முக்காலுக்கு ஒரு கூட்டத்தில் மனம் மாறும் வரைக்கும் கிறிஸ்தவனே இல்லையாம். அங்கி போட்டு ஊழியம் செய்தவருக்கே அந்த நிலைமை என்றால், பாமாலைப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிற எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) காரர்கள் நேராக நரகத்துக்குத்தானாம். என் சித்தி அதைக் கேட்டுவிட்டு ராத்திரி தூங்கவில்லை.

வெஸ்லியின் நாட்குறிப்பை அந்தப் பாஸ்டர் திறந்தாவது பார்த்திருக்கிறாரா? 1739 ஜனவரி 4. அதாவது அந்த மே 24 முடிந்து ஏழு மாதம் கழித்து. நான் இப்போதும் கிறிஸ்தவன் இல்லை என்று வெஸ்லியே எழுதி வைத்திருக்கிறார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எழுப்புதல் சாம்:
அண்ணன், ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். வெஸ்லி ஆக்ஸ்போர்டில் புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்தவர். சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தவர். 1728இல் குருப்பட்டமும் வாங்கிவிட்டார். அப்புறம் 1736 ஜனவரியில் அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்குப் போகிற கப்பலில் என்ன ஆனது? புயலில் பெரிய பாய் கிழிந்தது, தண்ணீர் கப்பலுக்குள் கொட்டியது, இங்கிலீஷ்காரர்கள் அலறினார்கள். மொரேவிய சபையைச் சேர்ந்த ஜெர்மன்காரர்கள் மட்டும் பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தவே இல்லை. பயமாக இல்லையா என்று பிறகு போய்க் கேட்டார். எங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூடச் சாவுக்குப் பயப்படுவதில்லை என்றார் ஒருவர். ஆயர் நடுங்கிக்கொண்டு நின்றார். அவரிடம் மதம் இருந்தது, இரட்சிப்பு இல்லை. மே 24 அன்றுதான் கிடைத்தது. அவ்வளவுதான்.

பாளையங்கோட்டைக்காரன்:
கப்பல் கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டாகிவிட்டது, தம்பி. நான் கேட்டது ஜனவரி 4.

அதோடு இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மே 24 அன்று மத்தியானம் வெஸ்லி எங்கே இருந்தார்? லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில். அங்கே பாடகர் குழு 130ஆம் சங்கீதத்தைப் பாடியதை அவரே குறித்து வைத்திருக்கிறார். சாயங்காலம் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்துக்கு மனசே இல்லாமல்தான் போனார். அங்கேயும் யாரும் மைக் பிடித்துக் கத்தவில்லை. ரோமருக்கு எழுதின நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபோதுதான் இருதயம் அனலானது. ஆக, பேராலயம், சங்கீதம், புத்தக வாசிப்பு. எல்லாம் எங்கள் சரக்கு.

எழுப்புதல் சாம்:
உங்கள் சரக்காக இருந்தால் அவர் ஏன் மனசில்லாமல் போனார்? பழக்கத்துக்குப் போனவரைத் தேவன் பிடித்தார். பீட்டர் போலர் என்ற மொரேவிய போதகர் மாதக்கணக்கில் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாரே, விசுவாசம் கிடைக்கும்வரை விசுவாசத்தைப் பிரசங்கி என்று. விசுவாசம் ஏற்கெனவே இருந்தவருக்கு எதற்கு அந்த ஆலோசனை?

பாளையங்கோட்டைக்காரன்:
ஜனவரி 4.

நாசரேத் டீச்சர்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். முதல் திருவிருந்துக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிற திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறவள் நான். விசுவாசப் பிரமாணத்தைப் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். வெள்ளை உடுப்பு, பிஷப் ஐயாவோடு போட்டோ, முதல் திருவிருந்து. அப்புறம் கிறிஸ்மஸுக்குத்தான் முகத்தைப் பார்க்கலாம். அந்தப் பாஸ்டர் சொன்ன விதம் தப்பு, ஆனால் வழக்கமாகப் போய்வருவது மட்டும் போதாது என்பதில் என்ன தப்பு?

பாளையங்கோட்டைக்காரன்:
டீச்சர், லெந்து (தவக்கால) கூட்டத்துக்கு டிரம்ஸ் வைக்கச் சொன்னதே நீங்கள்தானே. உங்கள் கட்சி எது என்று எங்களுக்குத் தெரியும்.

நாசரேத் டீச்சர்:
டிரம்ஸுக்கும் வெஸ்லிக்கும் என்ன சம்பந்தம்? கமிட்டியில் தோற்ற ஆத்திரத்தை இங்கே கொட்டாதீர்கள்.

சும்மா வந்தவன்:
வெஸ்லியைப் பற்றிப் பேசும்போது சோஃபி ஹாப்கி பெயரை மட்டும் எல்லாரும் விழுங்கிவிடுகிறீர்களே. ஜார்ஜியாவில் அவர் விரும்பின பெண் வேறொருவரைக் கட்டிக்கொண்டாள் என்றதும் அவளுக்குத் திருவிருந்தை மறுத்தார். வழக்கு வந்தது. 1737 டிசம்பரில் மாலை ஜெபத்தை முடித்த கையோடு ஊரைவிட்டே கிளம்பினார். இப்படிப்பட்டவருக்கு ஐந்தே மாதத்தில் இருதயம் அனலானது!

எழுப்புதல் சாம்:
அதைத்தான் பிரதர் நானும் சொல்கிறேன். மறுபடியும் பிறப்பதற்கு முன்னால் அவர் அப்படித்தான் இருந்தார்.

மட்டக்களப்பு மெதடிஸ்ட்:
வெஸ்லியைப் பங்கு போடுமுன் எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மெதடிஸ்ட் மிஷனரிமார் 1814இலேயே எங்கட தீவில் வந்து இறங்கிவிட்டார்கள். பாளையங்கோட்டை ஐயா ஜனவரி 4ஐ மட்டும் காட்டுகிறார், அடிக்குறிப்பைக் காட்டவில்லை. மற்றவர்களை மனந்திருப்ப அமெரிக்காவுக்குப் போன நானே மனந்திரும்பாதவன் என்று 1738இல் எழுதினார் அல்லவா? பிற்காலத்தில் அதற்குக் கீழே, இது எனக்கு நிச்சயமில்லை என்று அவரே குறிப்புச் சேர்த்தார். அப்போதும் தன்னிடம் வேலைக்காரனுடைய விசுவாசம் இருந்தது, குமாரனுடைய விசுவாசம்தான் இல்லை என்றும் எழுதினார். அதாவது தேவனுக்குப் பயந்து நடந்தார், அவருடைய பிள்ளை என்ற நிச்சயம்தான் இல்லை.

பாளையங்கோட்டைக்காரன்:
பார்த்தீர்களா! முன்னாலேயே விசுவாசம் இருந்திருக்கிறது. சித்திக்கு இப்போதே அனுப்புகிறேன்.

எழுப்புதல் சாம்:
பார்த்தீர்களா! குமாரனுடைய விசுவாசம் இல்லை. பாஸ்டருக்கு இப்போதே அனுப்புகிறேன்.

மட்டக்களப்பு மெதடிஸ்ட்:
நான் சொன்னது இரண்டு பேருக்கும் ஏறவில்லை. மே 24 எங்களுக்கு முக்கியமான நாள், ஒவ்வொரு வருசமும் நினைவுகூருகிறோம்.

சும்மா வந்தவன்:
வழக்கமான பக்தியை உதறின நாளை வருஷா வருஷம் வழக்கமாகக் கொண்டாடுகிறீர்கள். பேஷ்.

மட்டக்களப்பு மெதடிஸ்ட்:
இந்த நக்கலுக்கு நான் பதில் எழுதுவதாயில்லை.

எழுப்புதல் சாம்:
கனியைப் பாருங்கள். 1739 ஏப்ரலில் பிரிஸ்டலில் திறந்த வெளியில் நின்று பிரசங்கிக்க ஆரம்பித்தார். கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளிகளைத் தேடிப் போனார். 1791இல் சாவதற்குச் சில நாள் முன்புகூட அடிமை வியாபாரத்தை எதிர்த்து, அதை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்குக் கடிதம் எழுதினார். மே 24 இல்லாமல் இதெல்லாம் எப்படி?

பாளையங்கோட்டைக்காரன்:
சாகும்வரை ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) குருவாகவே இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சபையைவிட்டு அவர் விலகவே இல்லை. உங்கள் ஆட்கள்தான் எங்கள் சபை ஆட்களைக் கிளப்பிக்கொண்டு போகிறார்கள். போன வருஷம் எங்கள் தெருவிலேயே மூன்று குடும்பம். ஜனவரி 4க்கு இன்னும் பதில் வரவில்லை.

எழுப்புதல் சாம்:
மூன்று குடும்பம் ஏன் வந்தது என்று உங்கள் கமிட்டியைக் கேளுங்கள். ஜனவரி 4 ஒரு சோர்வான நாள், அவ்வளவுதான். நீங்கள் எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள், அதைச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டைக்காரன்:
அதைக் கேட்க நீ யார்? உன் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே எங்கள் கோயிலில்தான்.

நாசரேத் டீச்சர்:
டிரம்ஸுக்குப் பணம் கொடுத்தது வாலிபர் சங்கம். நான் இல்லை. அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பாளையங்கோட்டைக்காரன்:
வாலிபர் சங்கத்துக்குப் பொறுப்பாளர் யார், டீச்சர்?