ஹம்பி தூண்ல ரேஞ்ச்ஃபைண்டர் ஃபோகஸ் சிக்க மாட்டேங்குது, ஹெல்ப் ப்ளீஸ்

வணக்கம் மக்களே, லீவுக்கு ஹம்பி வந்திருக்கேன், கையில செகண்ட் ஹேண்ட்ல வாங்குன லைக்கா எம் டைப் 240, 50எம்எம் எஃப்2 லென்ஸ், ரேஞ்ச்ஃபைண்டர் (வியூஃபைண்டர் நடுவுல தெரியற ரெண்டு பிம்பத்த ஒண்ணா சேர்த்து ஃபோகஸ் பண்ற முறை) எனக்குப் புதுசு. ஆள், மரம்னா ஃபோகஸ் கரெக்டா விழுது. விட்டலர் கோயில் மண்டபத்துலதான் பிரச்சனை, ஒரே மாதிரி தூணா வரிசையா நிக்குதா, நடுவுல இருக்கற பேட்ச்ல ரெண்டு பிம்பமும் சேர்ந்துருச்சேன்னு கிளிக் பண்ணா பக்கத்துத் தூணோட சேர்ந்திருக்கு, ஃபோட்டோ மொத்தமும் மங்கல். மகாநவமி திப்பாங்கற பெரிய கல்மேடை பக்கத்துல இருக்கற படிக்குளம் இன்னும் மோசம், எல்லாமே படுக்கைக் கோடு, ஃபோகஸ் ரிங்கை எவ்ளோ திருப்பினாலும் பிம்பம் பிரிஞ்ச மாதிரியே தெரியல.

தூரத்து மலைய வெச்சு இன்ஃபினிட்டி (ரொம்ப தூரத்து ஃபோகஸ்) செக் பண்ணிட்டேன், கரெக்டா இருக்கு. கேமராவுல இருக்கற ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னல் கண்ணாடியத் துடைச்சாச்சு. லைவ் வியூல (பின்பக்க ஸ்கிரீன்ல பாக்கறது) பீக்கிங் (ஃபோகஸ் ஆன ஓரங்கள கலர்ல காட்டறது) போட்டா ஷார்ப்பா வருது, ஆனா இந்த வெயில்ல ஸ்கிரீன் எங்க தெரியுது! லென்ஸ் துவாரத்தச் சின்னதாக்கி எஃப்8 வெச்சு, லென்ஸ்ல இருக்கற தூர ஸ்கேல் பாத்து எடுத்தா ஓகே, ஆனா சாயங்காலம் மண்டபத்துக்குள்ள வெளிச்சம் பத்தாது, அது வேலைக்கு ஆகாது. மூக்குக்கண்ணாடி போடறவன் நான், அதையும் சொல்லிடறேன்.

ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கதான். இந்த மாதிரி தூண், படில எஃப்2ல ரேஞ்ச்ஃபைண்டர் வெச்சே சரியான இடத்துல ஃபோகஸ் பிடிக்க நீங்க என்ன பண்ணுவீங்க?