'போர்ட்' – துறையா, வாயிலா, புழையா?

உவர்மலையிலிருந்து, கணினி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். வருகிற சனிக்கிழமை உயர்தரப் பிள்ளைகளுக்கு வலையமைப்புக் கருத்தரங்கு. குறிப்பு வெள்ளி காலை அச்சுக்குப் போக வேண்டும். 'போர்ட்' என்ற சொல்லில் வந்து நிற்கிறேன். இதுவரை 'துறை' என்றே படிப்பித்தேன். போன கிழமை 'கணினித் துறையைச் சரிபார்க்கவும்' என்று பலகையில் எழுதினேன். ஒரு பிள்ளை எழும்பி, "மிஸ், அது தொழிலா, ஓட்டையா?" என்று கேட்டது. பகிடிக்கு அல்ல, உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டது. கம்பி செருகும் இடமும் போர்ட், வலையமைப்பில் ஒரு சேவையைக் குறிக்கும் 443 என்ற எண்ணும் போர்ட், ஒரு மென்பொருளை வேறு இயங்குதளத்துக்கு மாற்றுவதும் போர்ட். ஒரே சொல் போதுமா, மூன்று வேண்டுமா?

கிண்ணியாவிலிருந்து:

டீச்சர், துறையை விட்டுவிடாதீங்க. 2009இல் பாலம் திறக்கும்வரை நாங்க துறையடியில நின்றுதான் பாதை ஏறினோம். வெளியூராருக்குப் பாதை என்றால் நடக்கிற வழி. எங்களுக்கு ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடக்கும் மிதவை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்ததால் யாரும் வழி தவறவில்லை. இடம் பார்த்துப் பொருள் எடுத்தோம்.

தம்பலகாமத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகள், ஆங்கிலச் சொல்லின் வேரைப் பாருங்கள். இலத்தீனில் போர்டுஸ் துறைமுகம், போர்ட்டா வாயில். இரண்டும் ஒரே குடும்பம். இனி நம் பக்கம் வாருங்கள். மலையாளத்தில் 'துற' என்றால் கரையோரக் குடியிருப்பு. 'துறக்குக' என்றால் திறத்தல். துறையும் திறப்பும் நம்மிடமும் உடன்பிறப்பு என்பதே என் துணிபு. துறை என்பது முதலில் நீரில் இறங்கும் இடம். பருத்தித்துறை, ஊர்காவற்றுறை, வண்ணான்துறை எல்லாம் அப்படித்தான். பிறகு அகத்துறை, புறத்துறை என்று பாட்டுக்கும் போனது; கற்றுக் கரைகண்டவனைத் துறைபோகியவன் என்றோம். தொழில் என்ற பொருள் கடைசியாக ஏறியது. பின்னால் வந்த பொருளுக்குப் பயந்து மூத்த பொருளைக் கைவிடலாமா?

கொழும்பிலிருந்து, மூதூரில் பிறந்த மென்பொருளாளர்:

ஐயா, தமிழில் திறப்பது 'திற', கைவிடுவது 'துற'. மலையாள உயிரெழுத்து மாறியதை வைத்து உறவு கட்ட முடியாது. அது உண்மை என்றாலும் சனிக்கிழமை பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? என் வாக்கு 'புழை'க்கு. கோட்டையின் சிறுவாயிலுக்குப் பழைய சொல், வேறு பொருள் ஏறிக் கனக்கவில்லை. அது கூடாதென்றால் 'போர்ட்' என்றே எழுதுங்கள். வேலைக்குப் போனால் அதைத்தானே கேட்பார்கள்.

தம்பலகாமத்திலிருந்து:

தம்பி, புழை நல்ல சொல்தான். துளையுள்ள கை என்பதால் யானையின் தும்பிக்கைக்குப் புழைக்கை என்று பேர். ஆனால் அதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். 'புழை 443' என்பது பின்வாங்கில் 'பிழை 443' என்று விழும். திரையில் 'பிழை 404' பார்த்துப் பழகிய பிள்ளை என்ன நினைக்கும்? நுழைவாயிலை ஏற்கெனவே, ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் 'கேட்வே'க்குக் கொடுத்துவிட்டதால் வாயிலும் இல்லை. 'போர்ட்' என்றே விடுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். துறைமுகத்து ஊரில் இருந்துகொண்டு துறைக்குச் சொல் இல்லையென்று பிள்ளைகளிடம் சொல்வதா?

சீனக்குடாவிலிருந்து, கப்பலில் வேலை செய்தவர்:

இன்னொரு போர்ட்டும் இருக்கிறது. முன்னோக்கி நின்றால் கப்பலின் இடப்பக்கம். முன்பு அதற்கு 'லார்போர்ட்' என்று பேர். வலப்பக்கம் 'ஸ்டார்போர்ட்'. காற்றில் கத்தும்போது இரண்டும் ஒன்றாகக் கேட்டதால் 1844இல் பிரித்தானியக் கடற்படை லார்போர்ட்டை நிறுத்தி, போர்ட் என்றே சொல்லக் கட்டளையிட்டது. ஆசிரியர் சொன்ன புழை–பிழை கதையும் இதுதான். காதுக்குக் குழப்பமான சொல் ஆளை முட்டவைக்கும். தமிழில் இடப்பக்கம் என்றால் முடிந்தது, அதற்குத் துறை தேவையில்லை.

மற்றது, எங்கள் துறைமுகம் ஒன்று, இறங்குதுறை பல. திருகோணமலை என்று மட்டும் சொன்னால் கப்பல் குடாவுக்குள் வந்துவிடும், எங்கே கட்டுவது என்று தெரியாது.

உவர்மலையிலிருந்து:

ஐயா, நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. வலையமைப்பில் ஒரு கணினியைக் காட்டும் ஐபி முகவரி கப்பலை ஊருக்குக் கொண்டுவருகிறது; எண் எந்த இறங்குதுறை என்று சொல்கிறது. 16 பிட் என்பதால் 0 முதல் 65535 வரை எண்கள். வலைப்பக்கத்துக்கு 80, மறையாக்கத்தோடு 443, மின்னஞ்சல் அனுப்ப 25. இப்படி எழுதப்போகிறேன்: எண்ணுக்குத் 'துறையெண்', கம்பிக்குச் 'செருகுவாய்', மென்பொருளுக்குப் 'பெயர்த்தமைத்தல்'. கடைசிச் சொல் சுமந்து செல்வது என்ற பொருளிலிருந்து வந்ததால் அதைத் துறையோடு கட்டவேண்டிய தேவையில்லை. 'கணினித் துறை' என்று மொட்டையாக எங்கும் எழுத மாட்டேன்.

கிண்ணியாவிலிருந்து:

துறையெண்ணுக்குச் சம்மதம். செருகுவாய் நீளமாக இருந்தாலும் பிள்ளைக்குப் படம் தெரியும்.

கொழும்பிலிருந்து:

துறையெண் சரி. பெயர்த்தமைத்தலை மூச்சுவிடாமல் சொல்ல முடியாது, 'பெயர்ப்பு' போதும். செருகுவாய் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. கம்பியைச் செருகும் இடமெல்லாம் செருகுவாய் என்றால் சுவரிலுள்ள மின்குதைக்கு என்ன பேர்?

தம்பலகாமத்திலிருந்து:

தம்பி கேட்பது நியாயம். அதற்கும் துறை என்றே சொல்லலாம் என்று முதல் நாளே சொன்னேன். இன்னும் அதையே சொல்கிறேன்.

உவர்மலையிலிருந்து:

அச்சகம் திறந்துவிட்டது. 'செருகுவாய்' என்றே போகிறது. பக்க ஓரத்தில் 'துறை என்றும் வழங்கும்' என்று எழுதியிருக்கிறேன், ஐயா.