அடித்தது இரண்டு எழுத்து, திரையில் ஏன் ஒன்று?

கருந்திரை:
நேற்று அரைப்புள்ளி எழுதியது: "லிகேச்சர் இல்லாத ஃபாண்டில் கோட் எழுதுவது இருட்டில் ஊசி கோர்க்கிற மாதிரி." லிகேச்சர் என்றால் பக்கத்துப் பக்கத்துக் குறிகளை ஒட்டி ஒரே குறியாக வரைந்து காட்டுவது. அது இல்லாத கன்சோலாஸ் ஃபாண்டில் பதினேழு வருடமாகக் கோர்த்துக்கொண்டிருக்கிறேன், நூல் நுழைகிறது. கோடில் "சமமில்லை" என்று சொல்ல நான் தட்டுவது ஒரு ஆச்சரியக்குறி, அப்புறம் ஒரு சமக்குறி. இவருடைய ஃபாண்டில் அது ≠ என்று ஒற்றை எழுத்தாக நிற்கிறது. அடித்தது ஒன்று, தெரிவது ஒன்று. இதுதான் கண்ணுக்கு வசதியா?

அரைப்புள்ளி:
முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்பட்டிருக்கலாம். ஃபைலில் இருப்பது அதே இரண்டு எழுத்துதான் தம்பி, வரைகிற விதம் மட்டும்தான் மாறுகிறது. என் ஃபாண்டான ஃபிரா கோடில் ≠ இரண்டு எழுத்தின் அகலத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், கட்டம் நகராது. பிடிக்கவில்லையா, அணைத்துவிடுங்கள். கோட் எழுதுகிற வி.எஸ். கோட் எடிட்டரில் அது முதலிலிருந்தே அணைந்துதான் கிடக்கும். யாரும் உங்கள் வீட்டுக்கு வந்து போட்டுவிடவில்லை.

கருந்திரை:
கர்சர் ஒரே குறியின் வயிற்றுக்குள் போய் நிற்கிறது. அதற்கு "வரைகிற விதம்" என்று பெயர். சரி.
போன வருடம் எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர், யாரோ ஸ்லைடில் போட்டிருந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து நிஜமான ≠ குறியையே எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டியிருந்தார். கோடைக் கணினிக்கு மொழிபெயர்க்கிற கம்பைலர் கத்தியது. அரை மணி நேரம் போனது. அவர் மேல் தப்பே இல்லை.
அப்புறம், தம்பி என்று கூப்பிட வேண்டாம். எனக்கு 44.

புதுசு:
எனக்குச் சாயங்காலமானால் கண் எரிகிறது. 15 அங்குல லேப்டாப். எந்த ஃபாண்ட், எந்த அளவு என்று யாராவது சொல்வீர்களா?

மோனோமணி:
ஜெட்பிரெயின்ஸ் மோனோ ஃபாண்ட் போட்டுப் பாருங்கள். 2020-ல் வந்தது, இலவசம். சின்ன எழுத்துகள் உயரமாக இருப்பதால் அளவைக் கூட்டாமலே பெரிதாகத் தெரியும். பொதுவாகவே, கோட் ஃபாண்ட் என்றால் ஆங்கில ஓ-வும் பூஜ்யமும் பிரிந்து தெரிகிறதா, சின்ன எல்லும் ஒன்றும் பிரிந்து தெரிகிறதா என்றுதானே முதலில் பார்க்க வேண்டும்? அதை ஏன் யாருமே பேசவில்லை?

கருந்திரை:
பேசியாகிவிட்டது. கன்சோலாஸ் பூஜ்யத்தில் குறுக்குக் கோடு இருக்கிறது. இப்போது ≠-க்கு வாருங்கள். ஜெட்பிரெயின்ஸ்காரர்களே லிகேச்சர் இல்லாமல் தனியாக ஒரு பதிப்பு தருகிறார்கள். மைக்ரோசாஃப்டும் கேஸ்கேடியா கோட் என்று ஒன்றும், லிகேச்சர் இல்லாமல் கேஸ்கேடியா மோனோ என்று இன்னொன்றும் தருகிறது. அவ்வளவு நல்ல விஷயம் என்றால் இல்லாத பதிப்பு எதற்கு?

அரைப்புள்ளி:
சர்க்கரை இல்லாத காபியும்தான் விற்கிறார்கள். அதனால் சர்க்கரை விஷமா?

தும்பிக்கை:
தமிழில் நாம் ஒட்டி எழுதுவதையே விட்டவர்கள். யானைத் தும்பிக்கை போட்ட பழைய லை, ணை, னை எல்லாம் 1978-ல் போய்விட்டன. பிரித்து எழுதியதால் அச்சுக்கும் தட்டச்சுக்கும் நல்லதே நடந்தது. கருந்திரை சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பழுப்புத்தாள்:
1978 அரசாணை வந்த வருடம். பெரியார் 1935-லேயே குடி அரசு இதழில் அந்த எழுத்துகளைப் போட்டுவிட்டார். வருடத்தைச் சொன்னால் முழுசாகச் சொல்லுங்கள்.

தும்பிக்கை:
அரசாணையைத்தான் சொன்னேன். அது எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை பாருங்கள்.

பழுப்புத்தாள்:
நீங்களும்தான் சொல்லவில்லை.

அரைப்புள்ளி:
கட்சிக் கூட்டத்தை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கருந்திரை சார் (இப்போது சரியா?), நீங்கள் எழுதிய "தெரிவது" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கணினி எழுத்தைச் சேமிக்கிற யூனிகோடில் முதலில் த, அதற்குப் பின்னால்தான் கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. ஸ்ரீ இன்னும் மோசம், உள்ளே நாலு குறி, வெளியே ஒரு எழுத்து. அடித்தது ஒன்று தெரிவது ஒன்று என்று புலம்பவே உங்களுக்கு லிகேச்சர்தான் தேவைப்படுகிறது.

மோனோமணி:
இது நல்ல அடி.

கருந்திரை:
அது மொழி, இது கோட். கம்பைலருக்குத் தமிழ் தெரியாது.

மோனோமணி:
பைதான் 3 மொழியில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். நான் வைத்திருக்கிறேன்.

கருந்திரை:
வைத்துவிட்டு வரிசையைப் பார்த்தீர்களா? ஒரு "ஔ" வந்தால் போதும், கீழ்வரியோடு கட்டம் ஒட்டாது. சம அகல ஃபாண்ட் என்று சொல்லிவிட்டு தமிழுக்கு மட்டும் உள்ளே லதா ஃபாண்டோ நிர்மலா ஃபாண்டோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அது வேறு பிரச்சினை. நான் கேட்டது ≠. இரண்டு தட்டினேன். ஒன்று தெரிகிறது. இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அரைப்புள்ளி:
மூன்று முறை சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் பதினேழு வருடக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். ==, === இரண்டையும் குழப்பிக்கொண்டு போன தடவை இங்கே வந்து நின்றது யார்? என் ஃபாண்டில் === மூன்று கோடாகத் தெரிந்திருக்கும்.

கருந்திரை:
அந்தப் பழைய கதையை எடுப்பீர்கள் என்று தெரியும். அன்றைக்கு எனக்குத் தூக்கம் இல்லை. ஃபாண்ட் மேல் தப்பில்லை.

புதுசு:
மோனோமணிக்கு நன்றி. ஆனால் ஆபீஸ் கணினியில் எதையும் நிறுவ விடமாட்டார்கள். இருக்கிற கூரியர் நியூவிலேயே எழுதிக்கொள்கிறேன்.

அரைப்புள்ளி:
ஐயோ வேண்டாம்! கோடெல்லாம் நூல் மாதிரி மெலிசு, கண் இன்னும் எரியும். அதில் பூஜ்யத்துக்குள் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

கருந்திரை:
தாராளமாக எழுதுங்கள். அதில் இரண்டு தட்டினால் இரண்டு தெரியும்.